ஜாண் எழுத்து

அம்பத்தூர் ரயில் நிலையப் பலகையில் தமிழில் ஆறு எழுத்துகள் இருந்தன. துலுக்கானம் பலகை எழுதக் கற்றுக்கொண்டது அந்த ஆறிலிருந்துதான்.

படிக்கத் தெரியாதவன் அல்ல. ஆவடிப் பக்கம் பாதிரியார் ஒருவர் நடத்திய பள்ளியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன். எழுத்துக் கூட்டி எதையும் படித்துவிடுவான். ஆனால் படிப்பது வேறு, சிலேட்டில் கிறுக்குவது வேறு, இருபதடி தள்ளிப் போகிறவனின் கண்ணைப் பிடித்து இழுக்கிற மாதிரி பலகையில் எழுத்தை நிறுத்துவது வேறு. அந்த மூன்றாவது வித்தைக்குச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அம்பத்தூரில் யாருக்காவது பலகை வேண்டுமென்றால் பட்டணத்திலிருந்து பெயிண்டர் வர வேண்டும்.

அப்படி வந்த ஒருவரைத்தான் துலுக்கானம் பக்கத்து ஊரான பாடியில் பார்த்தான். ஒரு காப்பி கிளப்பின் பின்சுவருக்கு அவன் மட்டையால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். முன்பக்கத்தில் பெயிண்டர் பலகை எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு நிழல் இருந்தது, முக்காலி இருந்தது. முதலாளியே டம்ளரில் காப்பி கொண்டுவந்து, "சாவகாசமா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே முதலாளி பின்பக்கம் வந்து துலுக்கானத்திடம், "இன்னாடா, செவுத்தைத் தடவிக் குடுத்துகினு கீற? சீக்கிரம் அடிடா" என்றார். இருவர் கையிலும் இருந்தது மட்டைதான், மயிர்தான். ஒருவருடைய மயிர் கொஞ்சம் மெல்லியது, அவ்வளவே.

சுண்ணாம்பில் வெந்து வெடித்த பாதத்தைப் பார்த்தபடி துலுக்கானம் அன்று முடிவு செய்தான். வயது முப்பத்திரண்டு. இனிமேல் மட்டை சின்னதாக இருக்க வேண்டும்.

முதல் பிரஷ்ஷை ஆட்டு மயிரில் கட்டினான். அது தண்ணீரைக் குடித்துவிட்டுத் துடைப்பமாக விரிந்தது. மூன்றாவதை அணில் வாலில் கட்டினான். கோழி இறகின் தண்டுக்குள் அது முனை கூடி நின்றது. அடுத்தது எழுத்து. மனிதன் கண்டுபிடித்த எழுத்துகளில் 'ட' சுலபம், இரண்டு கோடு. 'ப' அதற்கடுத்து. இதோடு உலகம் முடிந்திருந்தால் எல்லோரும் பெயிண்டர்தான். 'அ' என்று ஒன்றை எவனோ சுழித்து வைத்திருக்கிறான். துலுக்கானம் போட்ட முதல் 'அ', வெயிலில் சுருண்ட அட்டைப்பூச்சி போல இருந்தது. சரியான 'அ' எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அவன் ரயிலடிக்குப் போனான்.

பலகையின் மேல் விரலை வைத்து அளந்தான். தலைக்கும் காலுக்கும் சரியாக ஒரு ஜாண். வளைவு நாலு விரல். பட்டை ஒரு கட்டைவிரல்.

"யாருடா அது, போர்டைத் தடவிகினு?" என்று வந்தான் போர்ட்டர் வரதன்.

"அளவு எடுக்கறேன் அண்ணாத்தே."

"போர்டுக்குச் சட்டை தெக்கப் போறியா?"

"எழுத்து கத்துக்கறேன்."

"அதுக்கு இஸ்கோல் கீது. இது கம்பெனி சொத்து."

"தொட்டுத்தானே பாத்தேன்? தூக்கிகினு போவலியே."

"நீ தூக்கிகினு பூட்டா, எந்த ஊருல கீறோம்னு எனுக்கு எப்டிடா தெரியும்?"

வரதன் இரண்டு நாள் விரட்டினான். மூன்றாம் நாள் துலுக்கானம் பழுப்புக் காகிதத்தில் வெட்டிக்கொண்டு வந்த ஆறு எழுத்தைக் காட்டியதும், பார்த்துவிட்டு விமர்சகனாகிவிட்டான். "மத்ததெல்லாம் சரி. உன் 'தூ' மட்டும் வவுத்து வலிக்காரன் மாதிரி மடங்கிகினு கீது" என்றான். அது உண்மையாகவே இருந்தது.

ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு அம்பத்தூரைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது. ஆகவே துலுக்கானம் தண்டவாளத்தோடு நடந்தான். ஆவடியில் மூன்று எழுத்து கிடைத்தது. வில்லிவாக்கத்தில் நல்ல அறுவடை. 'ள்' வேண்டுமென்று திருவள்ளூர் வரை போனான். திருநின்றவூரில் 'ற' கிடைக்கும் என்று நம்பிப் போனால், ரயில்காரர்கள் ஊரைத் தின்னனூர் என்று சுருக்கி வைத்திருந்தார்கள். 'ன' மட்டும் தேவைக்கு மேல் கிடைத்தது. லெவல் கிராசிங்கில் 'ஜாக்கிரதை' என்ற பலகையிலிருந்து 'ஜா'. சோழவரம் மைல் கல்லிலிருந்து 'ழ', செங்குன்றம் கல்லிலிருந்து 'ற'. பூந்தமல்லி ரோட்டில் நின்று, பஸ் கிளம்புவதற்குள் அதன் நெற்றியிலிருந்து 'ந'. எங்கே எதை எடுத்தாலும் ஜாண் அளவுக்கு வெட்டிக்கொண்டான். எழுத்து என்றால் ஒரு ஜாண் என்பது அவன் கை கண்ட நியாயம்.

இந்த யாத்திரைக்கு நடுவில், பழகுவதற்காகத் தன் குடிசைக் கதவில் தார் பூசி, அதன்மேல் சுண்ணாம்பால் 'அம்பத்தூர்' என்று எழுதினான். செங்கல் சூளையிலிருந்து வந்த அவன் பெண்சாதி நாகவல்லி கதவையும் அவனையும் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"அம்பத்தூரு."

"அது தெரியுது. ரயிலு இங்க நிக்குமா?"

"சும்மா பழகறதுக்குப் புள்ளே."

"அதுக்கு என் பேரை எழுதக் கூடாதா?"

"அதுல ஒரு எழுத்து இன்னும் கெடைக்கல."

"கட்டிகினு பன்னெண்டு வருஷம் ஆவுது, இன்னும் கெடைக்கலியா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். 'ந' வந்த அன்றைக்கே கதவைத் துடைத்து 'நாகவல்லி' என்று எழுதினான். "இப்ப ஊடு எதுன்னு எனுக்கு அடையாளம் தெரியும்" என்றாள். சந்தோஷம்தான். அவள் அதை அப்படித்தான் சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்கார மன்னர் பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. வெள்ளி விழாவைக் கொண்டாடாத ஊர் இல்லை. அதற்கும் மேலே, வருகிற ஆடி முதல் தேதியிலிருந்து கட்டை வண்டி ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயரும் நம்பரும் எழுதிய தகரம் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் பஞ்சாயத்து போர்டு எல்லையில் மட்டும் முந்நூறு வண்டி. அந்த வேலை யார் கைக்கு வருகிறதோ அவன் அதற்குப் பிறகு சுண்ணாம்பு வாளியைத் தொட வேண்டியதில்லை. துலுக்கானம் அதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

வேலையைக் கொடுக்கிற கை மேனாம்பேட்டு உலகநாத முதலியாருடையது. பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட். நல்ல மனிதர். தர்மம் செய்வதில் விருப்பமுள்ளவர். செய்த தர்மத்தைப் பிறர் படிப்பதில் அதைவிட விருப்பமுள்ளவர். வருஷா வருஷம் மன்னர் பிறந்த நாளன்று பட்டம் பெற்றவர்களின் ஜாபிதாவைப் பேப்பரில் மேலிருந்து கீழே ஒரு முறையும், அச்சுக்காரன் தவறியிருப்பான் என்ற சந்தேகத்தில் கீழிருந்து மேலே ஒரு முறையும் படிப்பார். ராவ் சாகிப் பட்டம் அவரைத் தேடிக்கொண்டிருந்தது, வழி தெரியாமல்.

அதற்கு வழி காட்டுவதற்காக வெள்ளி விழா ஞாபகமாக ஒரு மாட்டுத் தொட்டி கட்டினார். செங்குன்றம் ரோட்டில், வண்டிகள் நிற்கிற இடத்தில், பதினைந்தடி நீளம். தொட்டிக்குப் பின்னால் கிணற்றுச் சுவர், முன்னால் ரோடு. திறந்து வைக்க டிப்டி கலெக்டர் வருகிறார். பட்டணத்துப் பெயிண்டர்கள் எல்லோரும் வெள்ளி விழாப் பலகையில் மூழ்கியிருந்தார்கள். ஆகவே துலுக்கானத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"போர்டு எழுதுவியாமே. எங்கடா கத்துக்கின?" என்றார் முதலியார்.

"டேசன்ல ஆண்டே."

பக்கத்தில் நின்ற போர்டு குமாஸ்தா பரந்தாமன், "ரயில்வேயில் தேர்ச்சி பெற்றவன்" என்று அதை மரியாதைப்படுத்தினான்.

"இத்த ஒழுங்கா எழுதிட்டா வண்டித் தகரம் முன்னூறும் உனுக்குத்தான். சொதப்பினியோ, வாளிய எடுத்துகினு போர்டு ஆபீஸ் செவுத்துக்கு வந்து சேரு. பட்டணத்துலேர்ந்து ஆள் வரவழைச்சிக்கறேன்."

பரந்தாமன் வாசகத்தைப் படித்தான். மகாகனம் பொருந்திய சக்கரவர்த்தியாரின் வெள்ளி விழாவை முன்னிட்டு, ஜீவகாருண்ய சீலரும், தர்மப் பிரபுவும், பெரும் நிலச்சுவான்தாரும், பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டுமான ஸ்ரீமான் உலகநாத முதலியார் அவர்களின் பெருமுயற்சியால் எழுந்த மாட்டுத் தண்ணீர்த் தொட்டி. படித்து முடித்து மூச்சு வாங்கினான்.

துலுக்கானம் ஆறடித் தகரத்தை ஜாணால் அளந்தான். நீளத்தில் எட்டு, உயரத்தில் மூன்று வரி. "இருவத்தினாலு எழுத்து புடிக்கும் ஆண்டே."

"இதுல எவ்ளோ கீது?"

பரந்தாமன் எண்ணினான். "நூற்று இருபதுக்கு மேலே வருகிறது."

"அப்ப சின்னதா எழுது."

துலுக்கானம் காலைப் பார்த்தான். பொய் சொல்லலாம். சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டால் முந்நூறு வண்டியும் போகும். "சின்னதா எனுக்குத் தெரியாது ஆண்டே. டேசன்ல எல்லாம் இந்த அளவுதான்."

பரந்தாமன் மெதுவாக, "இந்தத் தர்மப் பிரபுவை வேண்டுமானால்..." என்று பென்சிலை வைத்தான். முதலியார் தாது வருஷப் பஞ்சத்தில் தம் தாத்தா கஞ்சி ஊற்றிய கதையைச் சொன்னார். பரந்தாமன் பென்சிலை நிலச்சுவான்தாருக்கு நகர்த்தினான். முதலியார் நஞ்சை புஞ்சைக் கணக்கை ஆரம்பித்தார். பென்சில் காதுக்குத் திரும்பிப் போயிற்று.

"சின்னதா எழுதறதுக்கு நான் இன்னா சின்ன ஆளா?" என்று முதலியாரே முடிவுக்கு வந்தார். "இன்னும் அஞ்சு தகரம் கொண்டாடா."

ஆறு தகரத்துக்கும் நீலம் பூசி, காவி தோய்த்த நூலைத் தெறித்துக் கோடு போட்டு, வரி வரியாக வெள்ளையில் எழுதினான் துலுக்கானம். பதினோரு நாள். ஒவ்வொரு எழுத்தும் தூணாக நின்றது. நாலாவது தகரத்தில் முதலியாரின் பெயரைப் போட்டபோது, 'நா' மட்டும் கொஞ்சம் பூந்தமல்லிக்கு ஓடுகிற வேகத்தில் சாய்ந்திருந்ததாக வரதன் சொன்னான். வேறு யாரும் கவனிக்கவில்லை.

ஆறு தகரமும் சேர்ந்து முப்பத்தாறடி. தொட்டி பதினைந்தடி. பலகையை எங்கே நிறுத்துவது? கிணற்றுச் சுவருக்கு மேலே என்றான் துலுக்கானம். முதலியார் ஒப்பவில்லை. டிப்டி கலெக்டர் காரில் உட்கார்ந்தபடியே, கழுத்தைத் தூக்காமல், ஊர்வலம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். ஆகவே தொட்டிக்கு முன்னால், ரோட்டோரமாக, பனங்கம்பு நட்டு, தரையிலிருந்து இரண்டடி விட்டு, ஆறையும் வரிசையாகக் கயிற்றால் கட்டினார்கள்.

வாடகை வண்டிக்காரன் முனியன் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "ஆண்டே, மாடு எந்தப் பக்கமா வந்து தண்ணி குடிக்கும்?"

"மாடு வழி கண்டுபுடிச்சிக்கும்டா. மொதல்ல டிப்டி கலெக்டர் படிக்கட்டும்."

திறப்பு விழா அன்று மேளம் இருந்தது, தோரணம் இருந்தது, முதலியாருக்குப் புதுத் தலைப்பாகை இருந்தது. டிப்டி கலெக்டரின் கார் முப்பத்தாறடியையும் மெதுவாகக் கடந்து வந்து நின்றது. அவர் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெயில் ஏறியிருந்தது, அவருக்கு ஆவடியில் இன்னொரு தொட்டி பாக்கி இருந்தது.

"எல்லாம் படித்தேன். தொட்டி எங்கே?"

"இதோ, பின்னாலே சார்" என்றார் முதலியார்.

முதல் தண்ணீரை மாடு குடித்தால்தான் தொட்டி திறந்ததாக அர்த்தம் என்பது வழக்கம். முனியனின் செவலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, காலையிலிருந்து வேண்டுமென்றே தண்ணீர் காட்டாமல் நிறுத்தியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டதும் அது தண்ணீர் வாசனையைப் பிடித்து நேராகப் போயிற்று. எதிரே சக்கரவர்த்தி. முகர்ந்து பார்த்து நகர்ந்தது. ஜீவகாருண்ய சீலர். நகர்ந்தது. நிலச்சுவான்தாரையும் தாண்டியது. துலுக்கானம் கூட்டத்தின் கடைசியில் நின்று, ஒவ்வொரு தகரத்துக்கும் ஒரு முறை மூச்சை நிறுத்தினான். நாலாவது தகரத்துக்கு எதிரே மாட்டின் பொறுமை போய்விட்டது. தலையைக் கவிழ்த்து, தகரத்துக்கு அடியில் விட்டு, ஒரு தள்ளு தள்ளியது. கீழ்க்கயிறு அறுந்தது. தகரம் இரண்டு கொம்பின் மேலும் வாகாக வந்து சாய்ந்துகொண்டது. செவலை அதைச் சட்டை செய்யாமல் வாயைத் தண்ணீரில் வைத்துக் குடிக்க ஆரம்பித்தது.

அது ஓடவில்லை, மிரளவில்லை. தாகம் அப்படி. மடக்குக்கு ஒரு முறை அதன் தலை மேலே எழும்பித் தாழ்ந்தது. கூடவே ஸ்ரீமான் உலகநாத முதலியார் அவர்களும் எழும்பித் தாழ்ந்தார்கள். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தாளத்துக்கு ஒத்தே வாசித்தார்கள்.

"புடிங்கடா அத்த!" என்று முதலியார் தலைப்பாகை நழுவக் கத்தினார்.

"இருக்கட்டும், குடிக்கட்டும். அதற்குத்தானே தொட்டி?" என்றார் டிப்டி கலெக்டர். அவர் முகத்தில் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு தெளிவு வந்திருந்தது.

முதலியார் பல்லைக் கடித்துக்கொண்டு துலுக்கானத்தின் பக்கம் திரும்பினார். "டேய்! ஜாண் ஜாணா எழுதி எம்மானத்தை வாங்கிட்டியேடா! நாளைக்குக் காலைல வாளியோட..."

"இதை எழுதியது யார்?" என்று டிப்டி கலெக்டர் குறுக்கே கேட்டார்.

கூட்டம் வழிவிட்டது. துலுக்கானம் முன்னால் வந்து நின்றான். வாளியின் கைப்பிடி அவன் உள்ளங்கையில் ஏற்கெனவே உறுத்தியது.

"நான் இப்போது கண்ணாடி போடவில்லை" என்றார் அதிகாரி. "மாடு வேறு ஆட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியும் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. மற்ற ஊர்களில் வண்டித் தகரம் எழுதியிருக்கிறார்கள், பார்த்தீர்களா பிரசிடெண்ட்? வண்டி நிற்கும்போதே படிக்க முடியவில்லை, ஆடும்போது எங்கே படிப்பது? உங்கள் வண்டிகளுக்கு இவரையே எழுதச் சொல்லுங்கள்."

முதலியார் தலைப்பாகையைச் சரி செய்தார். அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் முகத்தையும் சரி செய்துகொண்டார். "அதனாலேதான் சார் இவனையே தேடிப் புடிச்சேன். ரயில்வே பெயிண்டர்!"

போகும்போது டிப்டி கலெக்டர், தொட்டிக்கு ஒரு தகரம் போதும், அதுவும் சுவர்மேல் இருந்தால் மாட்டுக்கு வசதி என்று சொல்லிவிட்டுப் போனார். 'மாட்டுத் தண்ணீர்த் தொட்டி' என்ற ஆறாவது தகரம் மட்டும் கிணற்றுச் சுவருக்கு ஏறியது. மற்ற ஐந்தையும் வீணாக்குவானேன் என்று வண்டிக்காரர்கள் நிற்கிற கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார்கள். இன்றைக்கும் மழை வந்தால் முனியன் தர்மப் பிரபுவுக்குக் கீழேதான் ஒதுங்குகிறான். தாது வருஷத்துக் கஞ்சிக்குப் பிறகு அந்தக் குடும்பம் ஊருக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான் என்பது அவன் கட்சி.

துலுக்கானத்துக்கு வேலை கிடைத்தது. கூடவே ஒரு சிக்கலும் கிடைத்தது. வண்டித் தகரத்தின் அளவு வந்திருந்தது: ஒன்றரை ஜாண் நீளம், நாலு விரல் உயரம். ஜாண் எழுத்தில் ஒன்றைக்கூட முழுதாக நிறுத்த முடியாது. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தான். 'அ' மறுபடியும் அட்டைப்பூச்சியாயிற்று. நாலு நாள் சோறு இறங்கவில்லை.

"இன்னாய்யா மூஞ்ச தொங்கப்போட்டுகினு கீற?" என்றாள் நாகவல்லி.

"பெருசு தெரியுது. சின்னது வரல."

அவள் துவைத்த சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். "எட்டு மொழம் பொடவ. மடிச்சா பொட்டிக்குள்ள போவுது. உன் எழுத்த மடிக்க முடியாதா?"

"எழுத்த எப்டி மடிக்கறது?"

"எனுக்கு இன்னா தெரியும்? நான் செங்கல்லு அறுக்கறவ."

துலுக்கானம் சேலையின் மடிப்புகளைப் பார்த்தான். பிறகு 'அ' வெட்டிய ஜாண் காகிதத்தை எடுத்தான். நீளவாக்கில் மூன்று முறை மடித்தான், அகலவாக்கில் மூன்று முறை மடித்தான். விரித்தான். மடிப்புக் கோடுகள் எழுத்தின் மேல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தன. இரண்டு விரல் அளவு காகிதம் ஒன்றை வெட்டி அதையும் அப்படியே மடித்து விரித்தான். பெரிய கட்டத்தில் வளைவு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறதோ, சின்னக் கட்டத்திலும் அங்கேயே நுழைத்து அங்கேயே வெளியேற்றினான். இரண்டு விரல் உயரத்தில் ஓர் 'அ' வந்தது. அம்பத்தூர் ஸ்டேஷன் 'அ'வுக்குப் பிறந்த குழந்தைபோல, அதே மூக்கும் முழியுமாக.

"வந்துடுச்சி புள்ளே!"

"வராம?" என்றாள் அவள், சேலையைப் பெட்டிக்குள் வைத்தபடி.

ஆனி மாதம் முழுதும் எழுதினான். கொட்டகையில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வான்; வண்டிக்காரர்கள் பெயர் சொல்லிவிட்டு, எழுதி முடிக்கிற வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம்பர் ஒன்று மட்டும் காலியாகவே இருந்தது. அது பிரசிடெண்டின் வண்டிக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். வாசகம் இன்னும் தயாராகவில்லை என்று பரந்தாமன் தவணை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் முதலியாரே காகிதத்தோடு வந்தார். ஜீவகாருண்யம், தர்மம், நிலம் எல்லாம் அதில் பழையபடி இருந்தன.

"இதுல எத்தினி எழுத்து புடிக்கும்?"

"பன்னெண்டு ஆண்டே. நம்பருக்கு ரெண்டு எழுத்து எடம் போனா பத்து."

முதலியார் பென்சிலை வாங்கித் தாமே அடித்தார். பஞ்சம், கஞ்சி, நஞ்சை, புஞ்சை எல்லாம் கோட்டுக்குக் கீழே போயின. கடைசியில் நின்றது 'ஸ்ரீமான் உலகநாத முதலியார்'. துலுக்கானம் எண்ணினான்.

"உலகநாத முதலியார் சரியா பத்து ஆண்டே. அளவெடுத்த மாதிரி கீது."

"அப்ப ஸ்ரீமான்?"

"எடமில்ல ஆண்டே."

"சரி, வெறும் ஸ்ரீ?"

"ஸ்ரீ பெரிய எழுத்து ஆண்டே. ரெண்டு எடம் அடைக்கும்."

"நம்பரை எடுத்துட்டா?"

"நம்பர் இல்லேன்னா வண்டிய ரோட்டுல நிறுத்திடுவாங்க."

முதலியார் யோசித்தார். பின்பு, சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "முதலியாரை எடுத்துட்டு ஸ்ரீ போட்டா?"

துலுக்கானம் விரலால் அளந்தான். "தாராளமா வரும் ஆண்டே. காத்தாட வரும்."

முதலியார் காகிதத்தைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். ஸ்ரீயா, முதலியாரா? பரம்பரை ஒரு பக்கம் இழுத்தது, மங்களம் ஒரு பக்கம் இழுத்தது. கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியாக ஒரு வெயில் கீற்று அவர் தலைப்பாகையில் வந்து உட்கார்ந்தது.

"அவசரமில்ல, நல்லா யோசிச்சிச் சொல்லுங்க ஆண்டே" என்றான் துலுக்கானம். "அதுக்குள்ள அடுத்த நம்பரை எழுதிடறேன்."

பிரஷ்ஷைத் தொட்டு, முனையை விளிம்பில் வழித்து, 'முனியன்' என்று ஆரம்பித்தான். நாலே எழுத்து. தகரத்தில் இடம் தாராளமாக இருந்தது.